பன்னிரண்டாம் வீட்டில் நின்றுபோன ஏடு

நாற்பத்திரண்டாம் ஆண்டுக் கோடையில், நாங்கள் படித்த உயர்நிலைப் பள்ளி இயங்கிவந்த வீட்டை இராணுவத்தின் பயனுக்கென அரசாங்கம் எடுத்துக்கொள்ள எண்ணுகிறது என்ற செய்தியை என்னிடம் கொண்டுவந்தவன் அப்பள்ளியின் தலைமையாசிரியன். அவனை ஒருமையில் குறிப்பதில் அவமதிப்பு ஏதுமில்லை. அவனும் நானும் ஒரே ஆண்டில் அங்கே பள்ளியிறுதி வகுப்பை முடித்தவர்கள். சாந்தோமில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவன் அவன். தந்தையும் தமையனும் ஆசிரியர்கள். தான் படித்த பள்ளிக்கே திரும்பி வந்து, நெடுங்காலம் கணக்குப் பாடம் நடத்தி, தலைமைப் பொறுப்பை ஏற்று ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, பூசை முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஆளில்லாத ஸ்கூலுக்கு அவ்ளோ பெரிய வீடு எதுக்குன்னு கேக்கறாங்கப்பா," என்றான். "நான் என்ன பதில் சொல்றது? கேள்வி நியாயமாத்தானே இருக்கு."

சித்திரை பிறந்தபோதே, கடலிலிருந்து குண்டு வந்து விழும் என்ற அச்சத்தில் பட்டணம் பெரும்பாலும் காலியாகிவிட்டது. மயிலாப்பூர் மாடவீதிகளிலேயே திறந்த கதவுகளை எண்ணிவிடலாம் என்னும் நிலை. பள்ளியின் முன்வெளியில் பிள்ளைகள் பந்தாடிய இடத்தைப் பதுங்குகுழிகள் பிடித்துக்கொண்டிருந்தன. ஆண்டுத் தேர்வைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் ஆனி மாதம் பள்ளி திறக்கும்போது திரும்புவார்கள் என்று எவருக்கும் தெரியாது. வீடோ வாடகை வீடு. அது கைவிட்டுப் போனால், மேசை பெஞ்சுகளைக் கொண்டுபோய்ப் போட வேறோர் இடமில்லை. இடமில்லாத பள்ளிக்கு அங்கீகாரமும் நீடிக்காது. பன்னிரண்டு ஆசிரியர்கள் வேலையிழப்பர் என்று அவன் சொன்னான். பதின்மூன்றாமவனான தன்னைப் பற்றி அவன் சொல்லவில்லை.

வீடுகளைப் பார்த்துக் குறிக்கும் அலுவலர் இரக்கமற்றவர் அல்லர். வைகாசி நடுவில் ஒரு திங்கட்கிழமை மறுபடி வருவதாகவும், அதற்குள் பள்ளியில் பற்றுடைய நல்ல மனிதர்கள் பலர் தத்தம் பிள்ளைகளை ஆனியில் அங்கே கொண்டுவந்து சேர்ப்பதாகத் தம் கைப்பட எழுதிக் கொடுத்தால், மேலிடத்துக்குச் சொல்லத் தமக்கொரு காரணம் கிடைக்கும் என்றும் அவனிடம் சொல்லியிருந்தார். எங்கள் ஆண்டுப் பழைய மாணவர்களைத் தவிர வேறு யாரை அவன் நம்புவான்? அவர்களுள் பெரும்பாலோரின் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். எங்கள் ஆண்டுப் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளனாகப் பதினான்கு ஆண்டுகளாக இருந்தவன் நான்.

"ஏட்டை அனுப்பு," என்றான். "உன் ஏட்டுக்கு இப்பத்தான் வேலை வந்திருக்கு."

அந்த ஏட்டைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். எங்கள் சங்கத்துக்குக் கட்டடம் இல்லை, அச்சிட்ட இதழும் இல்லை. ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கூடத்தில் கூடி உணவருந்துவதையன்றி வேறு நிகழ்ச்சியும் இல்லை. இடைக்காலத்தில் எங்களை இணைத்துவைத்தது கெட்டியான அட்டை போட்ட ஒரே ஒரு நோட்டுப் புத்தகம். அது வீடு வீடாகச் செல்லும். பெற்றுக்கொண்டவர் தம் வீட்டுச் செய்திகளைச் சில வரிகளில் எழுதி, கையொப்பமிட்டு, அடுத்தவரின் வீட்டுக்குத் தாமே எடுத்துச் சென்று கொடுக்கவேண்டும். வேலைக்காரர் கையில் கொடுத்தனுப்பக்கூடாது; அஞ்சலிலும் அனுப்பக்கூடாது. எழுதிக் கையொப்பமிடாமல் எவரும் கைமாற்றவும் கூடாது. யாருக்குப் பின் யார் என்பதைப் பள்ளியிறுதி வகுப்பின் வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் இருந்த வரிசையே தீர்மானிக்கும்.

இந்த விதிகள் அனைத்தும் நான் வகுத்தவை. வரிசையின் காரணமாக ஏடு மயிலாப்பூரிலிருந்து மாம்பலம் போய், அங்கிருந்து அடையாற்றுக்குச் சென்று, மறுபடி மயிலாப்பூருக்கு வரும். அடுத்தடுத்த தெருக்களில் இருந்த இருவரிடையே பத்துப் பேரின் தொலைவு இருக்கும். எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், ஆனால் பின்பற்றினார்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதால், ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒருவன் வீட்டில் இன்னொருவன் காப்பி குடிக்கிறான் என்பது என் வாதம். வேறெதற்கும் ஒன்றுசேராத மனிதர்களை இந்த ஒன்று சேர்த்துவைத்தது என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை இப்போது எழுதும்போது கை தயங்குகிறது.

புது ஏடு ஒன்று கட்டுவதற்காகக் கச்சேரி சாலையில் கட்டடக்கடை வைத்திருந்த நண்பனிடம் போனேன். புத்தகங்களைத் தைத்து அட்டை போடும் கடையைக் கட்டடக்கடை என்போம். அவனும் எங்கள் வகுப்பே; தந்தை காலத்திலிருந்து அதே தொழில். போர்க்காலத்தில் வெற்றுத்தாள் கிடைப்பதே அரிது. பழைய கணக்கேடுகளில் எழுதாத தாள்களைப் பிரித்தெடுத்து, அளவாக வெட்டித் தைத்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"எத்தினி பேரு?"

"பட்டணத்துல இருக்கறவா முப்பது பேர். ஆளுக்கு ஒரு நாள். முப்பது நாள்ல முடிஞ்சுடும். அதிகாரி வர்றதுக்கு அஞ்சு நாள் மிச்சம்."

ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "இன்னா ஐயரே, வூடு போவப் போவுதுன்றே, இத்த ஒண்ணா தச்சுக் குடுன்றே. மூணா தச்சுத் தர்றேன். மைலாப்பூருக்கு ஒண்ணு, மாம்பலத்துக்கு ஒண்ணு, அடையாறுக்கு ஒண்ணு. பத்து நாள்ல எல்லாம் வந்துரும்."

"அது எப்படி பாய்? வரிசைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ. ஒவ்வொருத்தனும் தனக்கு முன்னாடி எழுதினவாளைப் பாத்துத்தானே எழுதுவான்? பன்னெண்டு கையெழுத்தைப் பாத்தா பதிமூணாமவன் தட்டமாட்டான்."

"வாத்தியார் கூப்பிட்ட வரிசைய இன்னும் வுடமாட்டேன்ற. சரி, ஒன் இஸ்டம்," என்று சொல்லி, ஒன்றாகவே தைத்துக் கொடுத்தான்.

முதல் பக்கத்தில், பள்ளிக்கு நேர்ந்திருக்கும் இடரையும், ஒவ்வொருவரும் எழுதவேண்டிய உறுதிமொழியையும் விரித்தெழுதினேன். இரண்டு மாலைகள் அதற்கே போயின. முதல் கையொப்பம் என்னுடையது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. எனவே, கும்பகோணத்திலிருக்கும் என் தம்பியின் மகனை அழைத்துவந்து என் வீட்டில் வைத்துக்கொண்டு, ஆனி மாதம் அப்பள்ளியில் சேர்ப்பேன் என்று எழுதி, அடுத்தவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன்பின் ஒரு மாதம் நான் ஏதும் செய்யவில்லை. கோட்டையில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. பாதி அலுவலகங்களை வெளியூருக்கு மாற்றியிருந்தார்கள்; எஞ்சியவர்கள்மீது இரு மடங்கு சுமை. மாலையில் டிராமில் நின்றபடியே லஸ் வந்து சேர்ந்தால், இரவு விளக்குகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டும் பணி இருக்கும். ஏடு எங்கேயிருக்கிறது என்று ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்பது அவநம்பிக்கையாகும் என எண்ணினேன். நாளைக் கணக்கிட்டு, 'இன்று பதினைந்தாமவரிடம் இருக்கும், இன்று இருபதாமவரிடம் இருக்கும்' என்று மனத்துக்குள் அதை நடத்திக்கொண்டு போனேன். இடையில் இரண்டு முறை தலைமையாசிரியன் வந்து கேட்டபோதும், "நன்னாப் போயிண்டிருக்கு," என்றே சொன்னேன்.

அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னர், சனிக்கிழமைப் பகலில், கட்டடக்கடை நண்பன் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான். வரிசையில் அவன் இருபத்தாறாமவன்.

"இன்னாபா, என்னை மட்டும் வுட்டுட்டியா? ஏடு எனக்கு இன்னும் வரவேயில்லியே. மைலாப்பூர்க்காரங்க லேட்டா தருவாங்கன்னு நானும் பாத்துக்கினே கீறேன்."

அவனையும் அழைத்துக்கொண்டு இருபத்தைந்தாமவர் வீட்டுக்குப் போனேன்; பூட்டியிருந்தது. மந்தவெளியிலிருந்த இருபத்திரண்டாமவர் ஏட்டைக் கண்ணாலும் கண்டதில்லை என்றார். பின்னோக்கிப் போய்க்கொண்டேயிருந்தோம். பன்னிரண்டாம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே, தியாகராய நகரில், பதினொன்றாமவர் இருந்தார். "நான் அப்பவே கொடுத்துட்டேனே, மூணு வாரத்துக்கு மேலயே ஆச்சே," என்றார். அப்படியானால் ஏடு பன்னிரண்டாம் வீட்டில்தான் நின்றிருக்கவேண்டும்.

பன்னிரண்டாமவன் மேற்கு மாம்பலத்தில் இருந்தான். ஐந்தாண்டுகள் நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். காப்பீட்டுக் கம்பெனியில் குமாஸ்தா. மற்ற எவரைச் சந்தேகித்தாலும் அவனைச் சந்தேகித்திருக்கமாட்டேன். ரயில் பாதையைக் கடந்து, சந்துக்குள் நுழைந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருக்க, கரண்டியோடு அவனே வந்து கதவைத் திறந்தான். மனைவியும் குழந்தைகளும் திருச்சியில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய், அலமாரியிலிருந்து ஏட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தான்.

"ஏண்டா இப்படிப் பண்ணினே?" என்றேன். "திங்கட்கிழமை அதிகாரி வரான்டா. பாக்கிப் பேர் இதைப் பாக்கவேயில்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுண்டா வெச்சுண்டிருந்தே?"

"என்ன பண்ணச் சொல்றே? கையெழுத்துப் போட்டா, பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தணும். போடலேன்னா அடுத்தவன்கிட்ட கொடுக்கப்படாது. சட்டம் போட்டது நீதானே? தினம் எடுத்து வெச்சுண்டு உக்காருவேன். எழுத வராது. நாளைக்கு எழுதலாம்னு மூடி வெச்சுடுவேன்."

கட்டடக்கடை நண்பன் சுவரோரம் சாய்ந்து நின்றான். "போடமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஐயரு இன்னா தூக்குலயா போட்டுருப்பாரு?"

"சொல்லலாம் பாய். மேல இருக்கற பதினோரு கையெழுத்தும் என்னையே பாத்துண்டிருக்கு. நான் மட்டும் மாட்டேன்னு எழுதட்டுமா?"

நான் பாய்க்குச் சொன்ன வாதம் அதுவேதான். முன்னவர்களின் கையொப்பங்கள் பின்னவனை எழுதவைக்கும் என்றேன். அவை ஒருவனின் வாயை அடைத்துவிட்டன.

பின்னர் அவன் காரணத்தைச் சொன்னான். அவன் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். பட்டணம் காலியான நாள்களில், எழும்பூரில் வண்டியேற முடியாமல் நெரிந்த கூட்டத்தில், பத்து வயது மகனைச் சன்னல் வழியாக ஒரு பெட்டிக்குள் தூக்கிப் போட்டிருக்கிறான். தானும் வாசல் வழியாக ஏறிவிடலாம் என்ற நம்பிக்கை. ஏற முடியவில்லை. மனைவியையும் கைக்குழந்தையையும் இழுத்துக்கொண்டு இரண்டு பெட்டி தள்ளிப்போய் ஏறவேண்டியதாயிற்று. ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு ஓடும் வண்டியில் போக வழியில்லை. செங்கல்பட்டில் வண்டி நிற்கும் வரை மகன் உள்ளே இருக்கிறானா, பிளாட்பாரத்திலேயே இறக்கிவிடப்பட்டானா என்று தெரியாமல் நின்றுகொண்டே போயிருக்கிறார்கள்.

"செங்கல்பட்டுல இறங்கி ஓடறேன், அவன் யாரோ ஒரு மாமி மடியில உக்காந்துண்டு முறுக்குத் தின்னுண்டிருக்கான்," என்றான். "என்னைப் பாத்துச் சிரிக்கிறான். இன்னொரு தரம் அவனை இந்த ஊருக்குக் கூட்டிண்டு வர என்னால ஆகாதுடா. ஸ்கூல் போனாப் போகட்டும்னு சொல்ற தைரியமும் இல்லே."

"பதினோரு பேரும் பிள்ளை பெத்தவாதானே? அவா போடலையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

அவன் ஏட்டைத் திறந்து முதல் பக்கத்தை என் பக்கம் திருப்பினான். "உன் தம்பி பிள்ளையைச் சேர்க்கறேன்னு எழுதியிருக்கியே. தம்பியைக் கேட்டியா?"

நான் அந்தப் பக்கத்தை மூடினேன்.

"கேக்கலை. எனக்குத் தெரியும். நோக்கென்ன, கொழந்தையா குட்டியா? அடுத்தவன் பிள்ளையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டே. நன்னா இருக்குடா உன் வரிசை."

சமையலறையில் ரசம் பொங்கி வழியும் ஓசை கேட்டது. மாம்பலத்தான் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான். திரும்பி வந்தவன் குரல் தணிந்திருந்தது. "நான் சொன்னது தப்பு. மன்னிச்சுடு. இப்போ என்ன பண்ணலாம், சொல்லு."

சொன்னவன் பாய். இடுப்பிலிருந்த சிறு கத்தியை எடுத்து, தான் தைத்த தையலைத் தானே அறுத்தான். எழுதப்பட்ட தாள்களை ஒருபுறம் வைத்து, வெற்றுத்தாள்களை மூன்று பங்காக்கி ஆளுக்கொன்று கொடுத்தான். நாளை ஒரு நாள் இருக்கிறது என்றும், மயிலாப்பூரைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், தியாகராய நகரை நானும், அடையாற்றை மாம்பலத்தானும் பார்க்கவேண்டும் என்றும் சொன்னான். ஒரு மாதத்துக்கு முன் அவன் கேட்ட அதே பங்கீடு. அதைச் சுட்டிக்காட்ட அவன் முயலவில்லை.

ஞாயிறன்று காலை ஆறு மணிக்கே புறப்பட்டேன். பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள சாலைகளில் அன்று எத்தனை வாயிற்படி ஏறினேன் என்று நினைவில்லை. ஏழு பேரைத் தேடிப் போனதில் நால்வர் வீடு பூட்டியிருந்தது. ஒரு வீட்டில் எங்கள் நண்பன் சென்ற ஆவணியிலேயே இறந்துபோயிருந்தான். அவன் மனைவி, நான் யார் என்று சொன்னபின், நிலைவாயிலைப் பிடித்துக்கொண்டு, "அந்த நோட்டு இந்த வருஷமும் வருமான்னு கேட்டுண்டே இருந்தார்," என்றாள். சங்கத்தின் செயலாளனாகிய எனக்கு அவன் இறந்ததே தெரியாது. ஏடு வழியே செய்தி வரும் என்று இருந்துவிட்டவன் நான்.

மற்ற இருவரில் ஒருவர் உடனே எழுதிக் கொடுத்தார். மற்றொருவர் என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார், தாளை வாங்கிப் படித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பத்து நாள் முன்னே வந்திருந்தா சத்தியமாப் போட்டிருப்பேன். நம்ம ஸ்கூல் என்ன ஆகும்னு தெரியலை, ஒரு தகவலும் இல்லை. போன வாரந்தான் ரெண்டு பையன்களையும் இங்கேயே வேற ஸ்கூல்ல சேர்த்தேன். சங்கத்துலேர்ந்து ஒருத்தர்கூட வந்து சொல்லலியே, ஐயா."

தார்ச்சாலையில் வெயில் ஏறியிருந்தது. அதற்குப் பின்னும் ஒரு வீடு இருந்தது. அதுவும் பூட்டியிருந்த வீடுகளில் ஒன்று. மாலையில் மூவரும் பாய் கடையில் கூடினோம். பாயிடம், அவனுடையதையும் சேர்த்து, இரண்டு கையொப்பங்கள் இருந்தன. மாம்பலத்தான் கரி எரிவாயுவில் ஓடும் பேருந்துக்கு ஒரு மணி நேரம் காத்துநின்று, அது வராமல், அடையாறு வரை நடந்தே போய் நடந்தே வந்திருந்தான். அவனிடம் ஒன்றுகூட இல்லை.

"மூணு பேர் அகப்பட்டா," என்றான். "மூணு பேரும் ஒரே கேள்விதான் கேட்டா. நீ போட்டியான்னு. இல்லேன்னேன். சிரிச்சுட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துட்டா."

"பொய்யாச்சும் சொல்லித் தொலையறது," என்றான் பாய்.

"தோணித்து. வாய் வரலே பாய்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அலுவலர் வந்தார். நான் விடுப்பு எடுத்திருந்தேன். தலைமையாசிரியன் கூடத்து மேசையில் விரிப்புப் போட்டுத் தாள்களை அடுக்கி வைத்திருந்தான். பதினான்கு கையொப்பங்கள். அலுவலர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், மாடியேறி இறங்கினார், கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் பொறுமையுடன் படித்தார். அவர் நிதானத்தைக் கண்டு தலைமையாசிரியன் முகத்தில் சிறிது ஒளி வந்தது.

"பதினாலு பேர், இருபது பசங்க," என்றார் அலுவலர். "பெருசு இல்லை. ஆனா ஒண்ணுமில்லாததுக்கு இது மேல். மொத கையெழுத்து உங்களுதா?"

"ஆமாம்," என்றேன்.

"தம்பி மகன். கும்பகோணத்திலேர்ந்து வரான். நல்லது. தம்பி ஒத்துக்கிட்டாரில்லையா?"

அவர் கேட்ட விதத்தில் ஐயம் ஏதும் இல்லை. ஆம் என்று சொன்னால் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். என் எதிரே தலைமையாசிரியன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் பார்வை என்னைக் கெஞ்சிற்று.

"இன்னும் கேக்கலை," என்றேன்.

அலுவலர் தாளைக் கீழே வைத்தார். "மத்தவங்க?"

"மத்தவா எல்லாரும் சொந்தப் பிள்ளைகளுக்கு எழுதினவா. அதை நான் உறுதியாச் சொல்வேன்."

"நீங்க சொல்றீங்க," என்றார் அவர், சினமின்றி. தாள்களை மறுபடி எடுத்து, முன்பு பார்த்ததைவிட வேகமாகப் புரட்டினார். என் கையொப்பத்தின்மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

பள்ளியை அவர் மூடிவிடவில்லை. முன்வீடும் மாடியும் இராணுவத்துக்கு. பின்கட்டில் இருந்த மூன்று அறைகளும் மாட்டுக்கொட்டகையும் பள்ளிக்கு என்று, அன்று மாலையே எழுத்தில் அனுப்பிவிட்டார். பன்னிரண்டு ஆசிரியர்களில் எழுவர் நீடித்தனர். நான் ஆம் என்றிருந்தால் முன்வீடு நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தலைமையாசிரியனுக்குத் தெரிந்திருக்கலாம். அலுவலர் போனபின் அவன் விரிப்பை மடித்தான், தாள்களை ஒழுங்குபடுத்தி என்னிடம் நீட்டினான். அன்றே தம்பிக்கு எழுதினேன். பதில் நான்காம் நாள் வந்தது: பட்டணத்தில் நிலவரம் தெளியும் வரை அனுப்புவதற்கில்லை, அண்ணா தவறாக எண்ணக்கூடாது.

அடுத்த சனிக்கிழமை வீட்டை ஒப்படைக்கவேண்டும் என்பது ஆணை. பெஞ்சுகளையும் மேசைகளையும் பின்கட்டுக்கு மாற்ற ஆள் கூலிக்கு அகப்படவில்லை. பட்டணத்தில் உழைப்பாளிகளும் ஊருக்குப் போய்விட்டார்கள். இம்முறை நான் ஏடு எதுவும் அனுப்பவில்லை. பாய் தன் சைக்கிளில் போய்க் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தான். காலை ஏழு மணிக்கு ஒன்பது பேர் வந்து நின்றார்கள். அடையாற்றில் மாம்பலத்தானைப் பார்த்துச் சிரித்தவர்களில் இருவரும் அவர்களுள் இருந்தார்கள். எங்களில் எவரும் நாற்பதுக்குக் குறைந்தவரல்லர். ஒருவருக்கு இடுப்பில் பிடிப்பு. ஒருவர் நெற்றியில் திருநீறு கலைந்து வியர்வையில் கண்ணுக்குள் வடிந்தது.

நானும் மாம்பலத்தானும் ஒரு பெஞ்சின் இரு முனைகளைப் பிடித்தோம். தேக்குப் பெஞ்சு, இளமையில் இதை நாற்பது முறை நகர்த்தியிருப்போம், கனம் தெரிந்ததில்லை. கூடத்தைத் தாண்டி, கிணற்றடியைச் சுற்றி, பின்கட்டின் குறுகிய வாசலில் திருப்ப முடியாமல் நின்றோம்.

"உன் பக்கம் கொஞ்சம் இறக்குடா," என்றான் அவன்.

"இறக்கினா சுவர்ல இடிக்கும்."

"இடிச்சா இடிக்கட்டும். பட்டாளத்து வீடுதானே இனிமே."

"முன்வீடுதாம்பா பட்டாளத்துக்கு. பின்கட்டு நம்மளுதுதான்," என்றான் பின்னாலிருந்து பாய். "ஐயரே, நீ விதிய வுடு, வாசலப் பாரு."

இருவர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன். பெஞ்சை நிமிர்த்திச் செங்குத்தாக உள்ளே தள்ளினோம். மாட்டுக்கொட்டகையின் மண்தரையைத் தலைமையாசிரியன் தன் கையாலேயே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தான். எந்த வகுப்பை எங்கே போடுவது என்று சுண்ணாம்புக்கட்டியால் தரையில் கோடு கிழித்திருந்தான். இரண்டு வகுப்புகளுக்கிடையே ஒரு முழ இடைவெளி. ஓர் ஆசிரியர் பேசுவது மற்ற வகுப்புக்கும் கேட்கும்.

நண்பகலில் இராணுவத்தின் சார்பில் ஒருவர் வந்து சாவியைக் கேட்டார். தலைமையாசிரியன் முன்வீட்டைப் பூட்டி, கூடத்துச் சாவியையும் மாடிச் சாவியையும் வேறு வேறாகப் பிரித்து அவரிடம் கொடுத்தான். இரசீது வாங்கிக்கொண்டான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான். அலுவலர் வந்துபோன நாளுக்குப் பின் அவன் என்னிடம் நேராகப் பேசியது அப்போதுதான்.

"முன்வாசல்ல இறக்கி வெச்சது இன்னும் பதினாலு பெஞ்சு கிடக்குப்பா," என்றான். "மழை வர்றதுக்குள்ளே தூக்கணும். நீ இந்தப் பக்கம் பிடி."

அவன் ஒரு முனையைப் பிடித்தான். நான் மறுமுனையைப் பிடித்தேன்.